அத்திபெலே தாண்டிய பிறகு

ஐம்பது வயதுக்கு மேல் வெகுஜனப் பண்பாட்டியலில் முதுகலை படிக்கச் சேர்ந்தேன். நான்கு பருவத் தாள்களையும் முடித்தாயிற்று. ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும் மட்டும் பாக்கி. நதிநீர்த் தகராறில் பெங்களூரில் தமிழ்ப் படங்கள் நின்றுபோன நாட்களில், பஸ் ஏறி ஓசூருக்குப் போய்ப் படம் பார்த்தவர்களைப் பற்றியது என் ஆய்வு. நானும் அவர்களில் ஒருவன். எந்த வெள்ளிக்கிழமை, எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று அப்போதே குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. அத்தனையையும் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தேன்.

என் நெறியாளர் என்னைவிட மிக இளையவர். வரைவைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சார், டேட்டெல்லாம் சூப்பரா இருக்கு. ஜனங்க எங்க சார்? கூட வந்தவங்க ஒருத்தராவது பேசணும், அதான் ரூல். இந்த செமஸ்டர் விட்டீங்கன்னா உங்க ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும்."

என்னுடன் வந்தவர் ஒருவர்தான். இப்போது காக்ஸ் டவுன் வீட்டில் என் மனைவி. அன்று லிங்கராஜபுரத்துப் பெண். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள்.

"நான் பேசமாட்டேன். ஓசூர் கதை இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல தெரியாது. அண்ணன் படிச்சா என்ன நெனப்பாரு?"

"பேரை மாத்திடறேன். தகவலாளர் ரெண்டுன்னு போடுவேன்."

"ஒண்ணு யாரு?"

"நான்தான்."

"அதுலயும் நீங்கதான் முதல்ல."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவள் சொன்னது என் குறிப்புகள் எதிலும் இல்லை. எல்லைச் செக்போஸ்ட் இருக்கும் அத்திபெலே வரும்வரை பஸ்ஸில் தமிழர்கள் எல்லோரும் கன்னடத்திலேயே பேசிக்கொண்டு போவோம். பயம் பாதி, பழக்கம் பாதி. செக்போஸ்ட் பின்னால் போனதுதான் தாமதம், பஸ் முழுக்க ஒரே நேரத்தில் தமிழ் கிளம்பும். முன்பின் தெரியாதவர்கள் கதாநாயகனுக்காகச் சண்டை போடுவார்கள். நான் தேதி போட்டு வைத்த படங்களில் பாதியின் கதை இன்று நினைவில்லை. அந்த இரைச்சலும், ஜன்னலோரத்தில் அவள் சிரித்ததும் நேற்றுப்போல இருக்கின்றன.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதும் விதி. அவளுடைய அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் மைசூர்பாக்குப் பெட்டியோடு வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். கடைசி வரிசையிலிருந்த என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளித்தேர்வாளர் கேட்டார்: "இந்தக் கன்னட வழக்கத்தை ஒரே ஒருத்தர்தான் சொல்றாங்க. வேற சாட்சி இருக்கா?"

அந்த அத்தியாயம் விழுந்தால் பட்டமும் விழும்.

மச்சான் எழுந்தார். "நான் இருக்கேன் சார். அதே பஸ்ல, டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. யாருடா இவ்ளோ கேவலமா கன்னடம் பேசறதுன்னு திரும்பினேன், இவரு. பக்கத்துல பாத்தா என் தங்கச்சி."

அறையே சிரித்தது. "அப்ப ஏண்ணா ஒண்ணுமே கேக்கல?" பின்னாலிருந்து அவள் குரல்.

"எப்பிடிம்மா கேக்கறது? நானும் டூட்டின்னு சொல்லிட்டுத்தான வந்திருந்தேன்."

ஒரே திருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்: மூன்றாம் தகவலாளரையும் முறைப்படி பேட்டி கண்டு சேர்க்க வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து பேச மச்சான் சம்மதிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மூவரும் ஓசூர் பஸ் ஏறினோம். இப்போதெல்லாம் ஏறும்போதே தமிழ்தான். பின் சீட்டில் ஒரு பையன் போனில் சத்தமாகத் தமிழ்ப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தான். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டியதும் ரெக்கார்டரை எடுத்தேன்.

"இன்னூ அத்திபெலே பந்தில்ல, மாப்ளே," என்று கன்னடத்தில் தடுத்தார் மச்சான்.

அத்திபெலே வரட்டும் என்று ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டேன்.