வெள்ளிக்கிழமை மேசை

இரும்புக் கதவு ‘டக்’ என்று விழும் சத்தம் முதலில், முகங்கள் பிறகுதான். ஒஸ்லோவில் இளவயதுக் குற்றவாளிகளைப் பூட்டி வைக்கும் இடத்தில் இரவுக் காவலன் நான். நித்திரையைத் தொழிலுக்குக் கொடுத்துவிட்டு, பகலிலும் தூங்க முடியாமல் வீட்டுக்குள் நடந்து திரியும் சக ஜீவன்களே, உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரே சாப்பாடு

வெள்ளி மாலை தாக்கோ, இறைச்சியும் சோஸும் வைத்து மடிக்கும் ரொட்டி. காவலரும் பையன்களும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும், அதுவும் வேலைதான். ஒஸ்லோப் புறநகர் ரொம்மனில் வளர்ந்த தமிழ்ப் பையன் நிரோஷ் என் பக்கத்துக் கதிரை. கத்தி தூக்கிய கூட்டத்தில் இருந்தவன். வரும் ஞாயிறு அவனுடைய அக்காவுக்குக் கலியாணம். குழப்படி செய்யாவிட்டால் அரைநாள் லீவு. ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “மாமா, எனக்கு வேட்டி கட்டத் தெரியாது. ஒருக்காக் காட்டுவியளோ?”

வந்த கட்டளை

அந்தக் கலியாணக் கிழமை அவனுடைய கூட்டத்துப் பையன் ஒருவன் பிடிபட்டு வந்து சேர்ந்தான். வரும்போதே கட்டளையும் கொண்டு வந்தான். எதிர்க் கூட்டத்துப் பையன் ஒருவன் சனிக்கிழமை வேறிடம் மாறுகிறான். அதற்குள் நிரோஷ் அவனை அடித்து நொறுக்க வேண்டும். மறுத்தால் கோழை. கோழைக்கு வெளியே என்ன நடக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். காவலர் எங்களுக்கோ இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. என்னோடு வேலை செய்யும் காரி மட்டும் சொன்னாள்: “இரண்டு நாளாக நிரோஷ் யாரையும் நக்கலடிக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.”

தக்காளிச் சோஸ்

வெள்ளி மாலை. எதிர்க் கூட்டத்துப் பையன் எங்களுக்கு எதிரே இருந்து சாப்பிடுகிறான். கட்டளை கொண்டு வந்த புதியவன் நிரோஷையே பார்க்கிறான். நிரோஷ் எதிரே இருந்தவனைப் பார்த்தபடி எழும்பினான், சோஸ் கிண்ணத்தைத் தூக்கினான். நான் எதிர்ப் பையனை மறைக்கப் பாய்வதற்குள் கிண்ணம் முழுவதையும் என் நெஞ்சில் கவிழ்த்தான். எனக்கு மட்டும் விளங்கும் தமிழில் என் பரம்பரையையே திட்டினான்.

காவலர் மேல் கைவைத்தால் உடனே அறைப்பூட்டு, லீவும் இல்லை. அவனுக்கு அது தெரியாததல்ல. பூட்டிக் கிடப்பவனால் சனிக்கிழமைக்குள் யாரையும் அடிக்க முடியாது. காவலன் மேலேயே கிண்ணத்தைக் கவிழ்த்தவனைக் கோழை என்று எவனும் சொல்லவும் முடியாது. எதிர்ப் பையனின் பல்லும் முறியவில்லை. அக்காவின் கலியாணம் மட்டும் போய்விட்டது. இவ்வளவு கணக்கையும் பதினேழு வயதில், ஒருவரிடமும் கேளாமல் போட்டிருக்கிறான்.

நான் அவன் அறைக் கதவைச் சாத்தும்போது என்னைப் பார்க்காமல் சொன்னான்: “சேர்ட்டைக் கெதியா ஊறப்போடுங்கோ மாமா. கறை பிடிச்சிடும்.”

பெரிய மனிதரையும் சின்னச் சாவியால்தான் பூட்ட வேண்டியிருக்கிறது என்று நினைத்தபடி, ஈரத்துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.