இரண்டாம் மாடியின் நீல மூலை

பிள்ளைகளா, அம்மா ஏன் நம்மை விட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள் என்று இருவரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் மாலில், இரண்டாம் மாடியில், சர்வீஸ் லிஃப்ட் பக்கத்தில் அம்மா பணியாரக் கடை போட்டிருந்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு கேமரா அறையில் வேலை. அங்கே புதிதாக ஒரு திரை வைத்தார்கள். மாலின் வரைபடம் அதில் அடுக்கடுக்காக வரும். அடியில் சுவரும் படிக்கட்டும், அதன் மேல் கடைகள், எல்லாவற்றுக்கும் மேலே நிறம். வருகிறவர்களின் கையில் இருக்கும் போனை வைத்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று அது கண்டுபிடிக்கும். கூட்டம் நிற்கும் இடம் சிவப்பு. ஆள் இல்லாத இடம் நீலம்.

அம்மாவின் மூலை எப்போதும் நீலமாகவே இருந்தது.

கேமராவில் பார்த்தால் அவளைச் சுற்றி ஆட்கள். துப்புரவுப் பெண்கள், பில் போடும் பிள்ளைகள், காவலாளிகள். வேலைக்கு நுழையும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குச் சட்டம். போன் இல்லாதவர்கள் வரைபடத்தில் வரவே மாட்டார்கள்.

கடையில் நின்ற துப்புரவுப் பெண் ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். வாயில் பணியாரத்தோடு சிரித்தாள்.

"இன்னாண்ணா, இவ்ளோ பேரு துன்னுகினு கீறோம். உன் மேப்புல நாங்க இல்லியா? அப்போ நாங்க இன்னா, பேயா?"

"பேயா இருந்தா இத்தனை வாட்டி சட்னி கேக்குமா?" என்றாள் அம்மா.

மேனேஜர் நல்லவர்தான். போன் இல்லாதவர்கள் திரையில் வருவதில்லை என்று நான் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"புரியுதுண்ணா. ஆனா ஸ்டாஃபெல்லாம் விசிட்டர் கணக்குல வராதே. மேல இருக்கிறவங்க இந்தக் கலரை மட்டும்தான் பாப்பாங்க. நீலமா இருக்கிற இடத்தை இனிமே கடைக்குக் குடுக்க மாட்டாங்க."

அம்மாவிடம் சொன்னபோது மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இன்னைக்குக் கரைச்சதை வித்துடறேன்," என்றாள். அவ்வளவுதான்.

இரும்புலியூரில் ரோட்டோரம் போட்டுப் பார்த்தாள். மழை விடவில்லை. பெருங்களத்தூரில் ஒரு கடை பார்த்தோம், வாடகை நமக்குக் கட்டுப்படியாகவில்லை. என் சம்பளத்தை மட்டும் நம்பினால் உங்கள் படிப்பு நின்றுவிடும் என்று அவளே குவைத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

"பசங்க முன்னாடி அழுதுடாதீங்க. அப்புறம் எனக்குக் கால் எழும்பாது," என்றாள்.

அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நேரே வேலைக்கு வந்தேன். மால் இன்னும் திறந்திருக்கவில்லை. அந்த மூலையில் இப்போது ஒரு பிளாஸ்டிக் செடி வைத்திருக்கிறார்கள். தொட்டியைக் கொஞ்சம் தள்ளி, அவள் நிற்கும் இடத்தில் சற்று நேரம் நின்றேன். பிறகு தொட்டியைப் பழையபடி நகர்த்தி வைத்தேன்.