முப்பத்தொன்றாவது சீட்டு

அரங்கில் நாற்காலி போடுகிறவனுக்கு ஒரே ஒரு விதிதான்: உள்ளே இருக்கிற எல்லோரையும் எண்ண வேண்டும், தன்னை மட்டும் எண்ணக் கூடாது. கல்யாண மண்டபமோ கட்சிக் கூட்டமோ, பின்சுவரில் சாய்ந்து நின்று கால் கடுத்தவர்கள் எல்லோரும் என் இனம்தான். நீங்களும் அப்படி நின்றவரென்றால் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்தது கொட்டாரம் பக்கம், வயலைப் பார்த்திருந்த ஒரு பயிற்சி மையத்தில். சுனாமி வந்து நாலைந்து வருஷம் கழித்துச் சேர்ந்தேன். ஆறு வருஷம் இருந்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கே பெரிய அதிகாரிகளுக்கு ஆறு நாள் வகுப்பு நடக்கும். கம்பெனி மேலாளர்கள் பத்துப் பேர், ராணுவம் கடற்படை என்று படை அதிகாரிகள் பத்துப் பேர், அரசு அதிகாரிகள் பத்துப் பேர். வெளியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத இந்த மூன்று கூட்டமும் ஒரே அறையில் உட்கார்ந்து, சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று படிக்க வேண்டும். பன்னிரண்டு வகுப்பில் மொத்தம் முந்நூற்றைம்பத்தெட்டுப் பேர். முந்நூற்றறுபது வந்திருக்க வேண்டும்; இரண்டு பேர் வரவில்லை.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. கடற்கரைக் குடும்பம்தான், ஆனால் வள்ளத்தில் ஏறினால் வாந்தி வரும், அதனால் கரையோடு நின்றுவிட்டேன். தம்பி சூசை கடலுக்குப் போனான். எங்கள் ஊரில் கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டியிருந்தார்கள். அதன் முனையில் ஒரு விளக்கு. விடியுமுன் திரும்புகிற வள்ளங்கள், கல் எங்கே முடிகிறது என்று அதைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் அந்த விளக்கு அணைந்தது. பிறகு யாரும் ஏற்றவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபம் எல்லாம் சூசை கல்லில் மோதாமல் வர வேண்டும் என்பதுதான்.

பதவி இல்லாத அட்டை

வகுப்பை நடத்தியவர் மதுரைக்காரர், நாங்கள் மேடம் என்போம். பெயர் அட்டையில் பதவி கூடாது, மூன்று கூட்டத்தையும் கலந்து உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. முப்பது அட்டையையும் மேசை விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரே நேராக வைப்பேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பார்த்தால் அட்டைகள் இடம் மாறியிருக்கும். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து, நடுவில் பத்து. ஒன்றுகூடத் தப்பாது. நான் மறுபடி கலைத்து வைப்பேன்.

ஒரு தடவை அப்படிக் கலைத்த பிறகு, தமிழ் தெரிந்த ராணுவ அதிகாரி ஒருவர் தன் அட்டையைத் தேடி மூன்று வரிசை சுற்றினார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். "பெரியவரே, பதவியைப் பிடுங்கினீங்க, சரி. உக்கார ஒரு இடமாவது விட்டு வைக்கக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

ஞாயிறு பூசைக்கு ஊருக்குப் போவேன். கோயில் வாசலிலேயே சூசை என்னைப் பிடித்துக்கொள்வான். விளக்குக் கம்பம் அரசுத் துறையுடையது. விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தம் எடுத்தது ஒரு கம்பெனி. அந்த முனையில் ஏறி வேலை செய்யக் கடலைக் காவல் காக்கிற படையின் அனுமதி வேண்டும். ஊர்க்காரர்கள் ஒருவரிடம் போனால் அவர் அடுத்தவரைக் கைகாட்டுவார். மூன்று வகை ஆட்களும் எங்கள் மையத்தில் ஒன்றாக இருக்கிறார்கள் என்பது சூசைக்குத் தெரியும்.

கேட்கிறேன் என்று நான் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். அந்த வாரம் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க நாலு வட்டம் நாகர்கோவிலுக்குப் போயி ஒருத்தனுக்க மொகத்தையும் பாக்க முடியல. ஒனக்க கையில சாயா வாங்கிக் குடிக்கானுவ. ஒரு வார்த்த கேட்டா ஒனக்க நாக்கா தேஞ்சிரும், அண்ணே?"

மூன்று கோப்பை

அடுத்த வகுப்பில் கரண்ட் போனது. திரை இருண்டதும் எல்லோரும் வராந்தாவுக்கு வந்தார்கள். வகுப்பில் கலக்காதவர்கள் அங்கே தாமாகக் கலந்து, பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷன் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என் சாயா மேசை முன்னால் மூன்று பேர் நின்றார்கள். விளக்குகள் செய்கிற கம்பெனியின் மேலாளர், கடற்படைக்காரர், துறைமுக வேலைகளைப் பார்க்கிற அரசு அதிகாரி. கையை நீட்டினால் மூவரையும் தொடலாம்.

நான் வாக்கியத்தை முன்பே தயாராக வைத்திருந்தேன். "எங்க ஊர் தூண்டில் வளைவில விளக்கு எரியல சார்." ஏழே சொல். கடற்படைக்காரர் தமிழர், என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, என்ன பெரியவரே, ஏதோ சொல்ல வந்தீங்களே என்று குனிந்து கேட்டார். சர்க்கரை போதுமா சார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "போதும் பெரியவரே, இதுக்கு மேல போட்டா வீட்டுல திட்டுவாங்க."

முப்பத்தொன்று

அதே வகுப்பின் நாலாம் நாள் மேடம் ஒரு பெட்டி வைத்தார். ஒவ்வொருவரும் தீராத ஒரு பிரச்சினையைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். பெயரோ பதவியோ ஊரோ எழுதக் கூடாது, அப்போதுதான் உள்ளதை எழுதுவார்கள் என்றார். வாயால் முடியாததைக் கையால் செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. சமையலறையில் உட்கார்ந்து, விளக்கு அணைந்ததையும் மூன்று இடத்திலும் அடுத்தவரைக் கைகாட்டுவதையும் எழுதினேன். புதுக்கடை ஊர்க்காரர் தங்கையன், எங்கள் சமையல்காரர், எட்டிப் பார்த்து, "என்னண்ணே, நீங்களும் பரீச்ச எழுதுதியளா?" என்று சிரித்தார். விதி விதிதான் என்று நான் ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

முப்பது பேர் வகுப்பில் முப்பத்தொரு சீட்டு வந்தது. யாரோ ஆர்வத்தில் இரண்டு எழுதிவிட்டார்கள் என்றார் மேடம். என் சீட்டைத்தான் எடுத்து ஆங்கிலத்தில் சொல்லி, இதுவே நாளைய பயிற்சி என்று மூன்று குழுவாகப் பிரித்தார். மறுநாள் அரை நாள் முழுக்க அந்த விளக்கைப் பற்றித்தான் பேச்சு. பெரிய தாளில் கடல் வரைந்தார்கள், கல் வரைந்தார்கள், மஞ்சள் மையில் விளக்கு வரைந்தார்கள். கடைசியில் விடையும் வந்தது: ஒரு கடிதம், மூன்று கையெழுத்து, ஒரு வாரம். எல்லோரும் கை தட்டினார்கள். முதல் குழுவுக்குப் பேனா பரிசு.

எழுதியவர் விரும்பினால் கை தூக்கலாம் என்றார் மேடம். நான் பின்சுவரில் தண்ணீர்த் தட்டைப் பிடித்து நின்றேன். இரண்டு கையும் தட்டில் இருந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு மேசை காலியாகத்தான் இருந்தது. யாரும் கை தூக்காததைப் பார்த்து அந்தத் துறைமுக அதிகாரி சொன்னார்: "நல்ல கற்பனை மேடம். இவ்வளவு சின்ன வேலைக்கு நிஜத்துல மூணு பேரும் சும்மா இருப்பாங்களா?"

மஞ்சள் மை

குப்பைக்குப் போக இருந்த அந்தத் தாளைச் சுருட்டிச் சூசையிடம் கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் தாளைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, வெகுநேரம் பார்த்தான். "வெளக்கு நல்லா எரியுதுண்ணே, பேப்பர்ல."

ஆஸ்பத்திரியில்

மூன்று மாதம் கழித்து, விடியுமுன் திரும்பும்போது அவன் வள்ளம் கல்லில் மோதிப் பிளந்தது. கூடப் போன மூன்று பேரும் நீந்திக் கரையேறினார்கள். சூசையின் வலது கை வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கியது. ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் விளக்கு எரிந்தது.

நான் கட்டிலருகே நின்றேன். என் கண் அவன் கட்டுப் போட்ட கையிலிருந்து மற்றக் கைக்குப் போவதைப் பார்த்துவிட்டான். "வெரல எண்ணாண்டாம்ணே. ஏழு இருக்கு."

கடைசி வகுப்பு

நான் வேலையை விட்ட வருஷம், மேடம் அந்தச் சீட்டை அச்சடித்த பாடமாக்கியிருந்தார். முப்பது பிரதியையும் நான்தான் மேசை மேசையாக வைத்தேன். வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர் ஒருவர் தாளைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில அந்த விளக்கு எரிஞ்சுதான்னு இதுல போடலையே என்று தனக்குத்தானே சொன்னார்.

"எரியுது சார்" என்றேன். "எங்க ஊர்தான். அந்தச் சீட்டை எழுதினதும் நான்தான். தம்பிக்கு மூணு விரல் போனதுக்கப்புறம் எரியுது." இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காமலே நான் வாய் திறந்தது அப்போதுதான். அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா?"

முந்நூற்றைம்பத்தெட்டுப் பேரைத் தப்பில்லாமல் எண்ணி உட்கார வைத்த நான், ஏழு சொல்லைத்தான் எண்ணி வைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.