டீச்சரம்மா தறியில் உட்கார்ந்த வாரம்

“வெள்ளக்காரி சும்மா படிக்க வெப்பாளாடி? ஒரு நாளைக்கு உன்ன வேதத்துல சேத்துட்டுத்தான் மறுவேல பாப்பா.”

சொன்னது என் அத்தை, அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள். வேதத்தில் சேர்ப்பது என்றால் கிறிஸ்தவளாக்குவது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர்கள் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு அப்போதே தலைக்கேறியிருந்தது. “என்ன எவளும் ஏமாத்த முடியாது” என்று அத்தைக்குப் பதில் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து டீச்சரம்மாவைக் கண்காணிக்கத் தொடங்கினேன்.

டீச்சரம்மா சுவீடன் தேசத்தவர். இளவயதில் ஒரு மிஷனோடு கப்பலில் வந்தவர். கூட வந்தவர்களெல்லாம் திரும்பிப் போன பிறகும் இவர் மட்டும் போகவில்லை. ஊரை ஒட்டிய செவிலிமேட்டில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்துகொண்டு, டவுன் பஸ்ஸில் வந்து எங்கள் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தினார். பெற்றவர்கள் செத்ததற்குக்கூட ஊருக்குப் போகாதவள் இங்கே எதையோ அள்ளிக்கொண்டு போகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எங்கள் நெசவாளர் தெருவின் தீர்ப்பு. பட்டுத் தொழிலைக் கற்றுக்கொண்டு போய்த் தன் நாட்டில் மில் போடப் போகிறாள் என்றும் சிலர் சொன்னார்கள். தான் இங்கிலீஷ்காரி அல்ல என்று டீச்சரம்மா விளக்கியபோது அத்தை, “சுவீடனோ சுண்டக்காயோ, வெள்ள வெள்ளதாம்மா” என்று முடித்துவிட்டாள்.

அந்த வருஷம் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு தனித்தறி போட்டுவிட்டான். அதுவரை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அந்த இடத்துக்கு என்னை உட்கார வைப்பது என்று அப்பா தீர்மானித்தார். பள்ளி திறந்தும் நான் போகவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ டீச்சரம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அப்பா மரியாதையாகத்தான் பேசினார். “கோர்வத் தறிக்கு ரெண்டு பேரு வேணும்மா. நான் பொடவ ஒடம்ப நெய்வேன். அந்தாண்ட கரைக்கு என் கை எட்டாது, அதுக்கு நூலு ஓட்ற நாடா வுட பக்கத்துல ஒரு ஆளு குந்தணும். இவள அனுப்பிச்சிட்டு நான் இன்னா பண்றது, சொல்லுங்க.”

“ஆள் கிடைக்கும்வரைக்கும் நான் உட்காருகிறேன். நீர் எனக்குக் கற்றுத் தாரும்” என்றார் டீச்சரம்மா. அவர் தமிழ் கற்றது வேதப் புத்தகத்திலிருந்து. அதனால் அப்பாவை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். “எங்கள் வீட்டிலும் தறி இருந்தது. பனிக்காலத்தில் எங்களுக்கு வேறே வேலை கிடையாது.”

அப்பா சிரித்துவிட்டார். சிரித்ததனால் மறுக்க முடியாமல் போயிற்று. பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸிலேயே டீச்சரம்மா வந்து இறங்கினார். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுக் கால் கழுவிக்கொண்டு, புடவையைச் செருகி, தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அப்பாவின் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். தெருவே எங்கள் ஜன்னலில் நின்றது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

எங்கள் வீட்டில் கல்யாணமான பெண்கள் தறிக்குழியில் இறங்குவதில்லை. நாடாவுக்குத் தார் நூல் சுற்றலாம், இழை பிரிக்கலாம், குழிக்கு வெளியே எதையும் செய்யலாம். இது அத்தை கட்டிக்காத்த வழக்கம். வெள்ளைக்காரிக்கு இது பொருந்துமா என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

அப்பா குழியில் இறங்குமுன் தறியில் நீட்டியிருக்கும் பாவு நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதே நேரத்தில் டீச்சரம்மா கண்ணை மூடி, கையைக் கோத்து, உதடு மட்டும் அசைய எதையோ சொல்வார். அத்தை சமையற்கட்டுக்கு ஓடினாள். “பாத்துக்கினே இரு, தறிய மந்திரிக்கிறா.” நான் கதவோரம் நின்று அந்த உதட்டையே பார்த்தேன். என் பெயர் வருகிறதா என்று. வரவில்லை.

அம்மா வேறொன்றைப் பார்த்திருந்தாள். அப்பா எதற்கும் காத்திருக்கிற மனிதர் அல்ல. சோறு கொஞ்சம் தாமதமானால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அவர், டீச்சரம்மா கண்ணைத் திறக்கும்வரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருக்க ஆரம்பித்தார்.

“அவ கண்ணத் தொறக்கற வரிக்கும் இவரு குந்திக்கினு இருக்காரு, பாத்தீங்களா அண்ணி?” என்று அம்மா அத்தையிடம் கேட்டாள். அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அம்மா நேராகத் தறியறைக்கு வந்தாள்.

“எழுந்திரும்மா நீ. உன் ஸ்கூலப் போய்ப் பாரு. என் வூட்டுத் தறிக்கு ஆளு இருக்குது.”

“ஏய், நீ எறங்கறதா?” என்று அத்தை கத்தினாள்.

“அவ எறங்கலாம், நான் எறங்கக் கூடாதா?” என்றாள் அம்மா. அதற்கு அத்தையிடம் சட்டம் இல்லை. அப்பா தறியைப் பார்த்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சரம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பா, கால் மரத்துப்போன வலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. நான் அதன் பிறகு பள்ளியை விடவில்லை.

அன்று டீச்சரம்மாவோடு பள்ளிக்குப் போகும் வழியில் நானே கேட்டுவிட்டேன். “என்ன எப்ப வேதத்துல சேப்பீங்க?”

“உனக்குச் சேரவேண்டுமா?”

“வேணாம்.”

“நல்லது.”

எனக்கு அவமானமாக இருந்தது. மறுப்பதற்கென்று எவ்வளவோ பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். “ஏன், என்ன மட்டும் கேக்க மாட்டீங்களா?”

“நான் யாரையும் கேட்கிறதில்லை. என்னையும் ஒருவரும் கேட்டதில்லை. சோறு தின்பதுபோல ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனோம். ஒரு பனிக்காலத்தில் என் தங்கை மரித்தாள். நிலம் பாறையாய் இறுகிவிட்டதால் அடக்கம்பண்ண நாள் ஆயிற்று. அந்த நாட்களில் நானே அவரிடம் போனேன்.”

“எவரிடம்?” என்று நான் கேட்கவில்லை. இதுவும் ஒரு தந்திரம் என்றே நினைத்தேன். கேட்காமல் விட்டு நம்மையே கேட்க வைக்கப் பார்க்கிறாள், நானா மாட்டுவேன் என்று இரண்டடி தள்ளி நடந்தேன். தங்கை செத்ததைச் சொன்ன ஒருவருக்கு ‘அப்படியா’ என்றாவது சொல்ல வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த பிறகு ஒருநாள் செவிலிமேட்டுக்குப் போய், தறியில் கண்ணை மூடி என்னதான் வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “கால் மரத்துப்போகக் கூடாது என்று” என்றார். அம்மா வந்து உட்காருவாள் என்று முன்பே தெரியுமா என்றும் கேட்டேன். காபி ஆறுகிறது, குடி என்றார். எனக்கு அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

ஆனால் அந்த நாட்களில் நான் உளவு பார்த்தது தவறான ஆளை. பள்ளி விட்டு வந்ததும் அம்மா தார் சுற்றிக்கொண்டே, “இன்னிக்கி அவ இன்னா சொல்லிக் குடுத்தா? படி, கேக்கறேன்” என்பாள். வேதம் கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்தாள், “நல்லா கேட்டுக்கோ” என்று உற்சாகப்படுத்துவாள். பூகோளம், சரித்திரம், செய்யுள் எல்லாவற்றையும் சத்தம் போட்டு வாசித்தேன். சலித்துப்போய் ஒருநாள் முந்தின நாள் பாடத்தையே எடுத்து, நடுவில் ஒரு வரியைத் தாண்டிப் படித்தேன். ராட்டை நின்றது.

“நேத்து அந்த எடத்துல இன்னொரு வரி இருந்துச்சே?”

அம்மாவுக்குச் சந்தேக புத்தி அதிகம் என்று அன்றைக்கு எரிச்சல்பட்டேன். அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொல்லி அவள் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டதைப் பார்த்தும், அவளும் பாடம் படிக்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

டீச்சரம்மா இப்போது சாயங்காலங்களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். போன வாரம் போய் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். சிலேட்டும் வாங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.