பார்வதம் கையெழுத்துப் போடவில்லை

பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழுவுக்குப் பார்வதத்தைத் தலைவி ஆக்கியபோது யாரும் அவளைக் கேட்கவில்லை. பிள்ளை படிக்கிற தாய் ஒருத்தி தலைவியாக வேண்டும் என்று விதி. அவள் பெண் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பார்வதமும் எதிர்த்துப் பேசாதவள் என்று பேர் எடுத்திருந்தாள். போதாதா? கை தட்டினார்கள், டீ கொடுத்தார்கள், முடிந்தது.

படாளம் கூட்டு ரோட்டில் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால், மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தட்டு கழுவி, காய் நறுக்கி, மூன்று மணிக்கு மேல் திரும்புவாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போவாள். தலைமை ஆசிரியர் பக்தவத்சலம் குழுவின் தீர்மான நோட்டைத் திருப்பி நீட்டுவார். பென்சிலால் போட்ட டிக்குக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அவள் தெருவில் மூன்றாவது வீடு டிராக்டர் ஓட்டும் ஏசுபாதத்தினுடையது. அவர் மகள் சிநேகா ஒன்பதாவது. பள்ளிக்கூடத்து மாடித் தொட்டி தினமும் காலையில் நிரம்பி வழியும். மோட்டாரை நிறுத்த யாருக்கும் ஞாபகம் இருக்காது. தண்ணீர் முழுக்கப் பெண்கள் கழிப்பறைப் பக்கம் இறங்கிச் சேறாகிவிடும். பிள்ளைகள் சுடிதாரை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு போவார்கள். சிநேகா தேய்ந்த செருப்பு அட்டையை வெட்டி மிதவையாக்கினாள். சைக்கிள் கம்பி ஒன்று, உடைந்த பொம்மைக் காரிலிருந்து பிடுங்கிய பேட்டரி மணி ஒன்று. தண்ணீர் மேலே வந்ததும் மணி கத்தியது. அறிவியல் டீச்சர் சுஜாதாவே ஏணி போட்டு ஏறி அதைக் கட்டினார். மணி கேட்டு மோட்டாரை நிறுத்தினார்கள்; பத்தே நாளில் அந்தப் பக்கம் தரை காய்ந்துவிட்டது.

மாமல்லபுரத்தில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்கு சுஜாதா டீச்சர் சிநேகாவின் பெயரைத்தான் எழுதினார். பக்தவத்சலம் அதை அடித்தார். செங்கல்பட்டுக் கடையிலிருந்து ஒரு ராக்கெட் வந்தது. தெர்மாகோல், வண்ண விளக்கு, கண்ணாடிப் பெட்டி. நன்றாக இங்கிலீஷ் பேசும் ஒரு பையனுக்கு இரண்டு பக்கம் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சிநேகாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பெட்டியைத் தூக்குவதற்கு. சாயங்காலம் வரை அவள் ஹாலுக்கு வெளியே பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் தெருக்குழாயில் குடம் வைத்தபடி சிநேகா இதைப் பார்வதத்திடம் சொன்னாள். அழவில்லை.

“உள்ள ஒரு தபா பாத்துட்டு வரட்டுமான்னு எட்மாஸ்டர கேட்டேன் அத்த. ஒனக்குப் பேச வராது, பொட்டி தூக்கத்தான் வரும், அங்கியே குந்துன்னாரு.”

பார்வதத்தின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. எட்டாம் வகுப்பில் அவளும் கணக்கை மனசிலேயே போட்டுச் சொல்பவள்தான். மத்தியானம் மணி அடித்ததும் வாத்தியார் அவளைத்தான் கூப்பிடுவார், தன் டிபன் பாக்ஸைக் கழுவ. அவள் தெருப் பிள்ளைகளில் ஒருத்தி கட்டாயம் கழுவ வேண்டும். அப்போது அது கோபப்பட வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. உள்ளங்கால் வரை எரிந்தது.

அடுத்த கூட்டத்து வெள்ளிக்கிழமை வழக்கம்போல நோட்டு வந்தது. பார்வதம் பேனாவைத் தொடவில்லை. முன்பக்கங்களைப் புரட்டி எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பக்தவத்சலம் சிரித்துக்கொண்டே, எல்லாம் வழக்கமானதுதானம்மா, நேரமாகிறது என்றார். அவள் விரல் ஒரு வரியில் நின்றது. திறன் பயிற்சி அறையில் வாரம் இருமுறை பயிற்சி நடைபெறுகிறது. அறுபது மாணவர்கள் பயன்பெறுகிறார்கள். அதன் கீழே அவள் கையெழுத்து. அடுத்த மாதமும் அதே வரி, அதே கையெழுத்து. இருபதுக்கு மேல் இருந்தது.

“இந்த ரூமு எங்க கீது சார்?”

மாடியில், கடைசியில், என்றார். திறந்து காட்டச் சொன்னாள். சாவி வாட்ச்மேனிடம் இருப்பதாகவும் அவர் லீவு என்றும் சொன்னார். குழுவில் ஆசிரியர் பிரதிநிதியான சுஜாதா டீச்சர் தலை குனிந்தபடியே, சாவி சாரின் மேஜை டிராயரில்தான் இருக்கிறது என்றார். 

அறையில் அட்டைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், சின்ன மோட்டார்கள், சக்கரங்கள் என்று மேலே அச்சடித்திருந்தது. ஒட்டிய டேப்பைக்கூட யாரும் கிழிக்கவில்லை. எலி மட்டும் ஒரு மூலையைக் கடித்திருந்தது.

பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடைத்துவிடும், ஆடிட் வந்தால் யார் பதில் சொல்வது என்று பக்தவத்சலம் விளக்கினார். பிறகு, தன் பக்கத்து நியாயம் அவளுக்கும் புரியும் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அதுங்க பத்தாவது பாஸாகறதே பெரிசும்மா. இதெல்லாம் அதுங்களுக்கு எதுக்கு?”

“அதுங்கன்னா யாரு சார்?” என்றாள் பார்வதம். குரல் உயரவில்லை. “எம் பொண்ணா? அந்த சிநேகாவா? பேரச் சொல்லுங்க. செருப்பு அட்டைய வச்சி மணி அடிக்க வச்ச புள்ளைக்கு இந்தப் பொட்டிய குடுத்திருந்தா இன்னா பண்ணியிருக்கும்னு ஒரு நாளாச்சும் நெனச்சிங்களா? ஒடைக்கட்டும் சார். ஒடைக்கத்தான் வந்துக்கீது.”

பார்வதம் திரும்பி நடந்தாள். கீழே வந்து, பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் கோணல்மாணலாக எழுதினாள்: ‘இந்த ரூமை ரெண்டு வருசமா தொறக்கல. நான் படிக்காம பொய்க்குக் கையெழுத்து போட்டேன். இனிமே போட மாட்டேன். பார்வதம்.’

நோட்டில் பக்க எண் அச்சடித்திருந்ததால் கிழிக்க வழியில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உனக்கே வம்பாகிவிடும், அந்த வரியை அடித்துவிடு என்று நல்லதனமாகச் சொன்னார். மாட்டேன் என்றாள். குழுவில் இருந்தவர்களே ஊரில் முகம் திருப்பினார்கள். பெரிய மனுஷனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டாளாம். அதற்கும் அவள் இறங்கிவரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஏசுபாதத்தையும் தெருவில் ஒன்பது தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு போனாள். அறை திறந்தது. புதனும் வெள்ளியும் மத்தியானம் சுஜாதா டீச்சர் பாடம் எடுக்கிறார். பக்தவத்சலம் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். விருந்தினர் வந்தால் மாடிக்கு அழைத்துப்போய், இது நம் பள்ளியின் முயற்சி என்கிறார். சிநேகா தவறவிட்ட கண்காட்சி திரும்பி வரப்போவதில்லை.

ஊரில் பார்வதத்தைச் சிலர் பாராட்டுகிறார்கள். அவளுக்கு அது காதில் ஏறுவதில்லை. கேன்டீனில் தட்டு கழுவும் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். தமிழ்ச்செல்வி. அதே பள்ளிக்கூடத்தில் போன வருஷம் பத்தாவது முடித்தவள். கேன்டீன் மிக்ஸி நின்றுபோனால் மேற்பார்வையாளர் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை, அவளைத்தான் கூப்பிடுகிறார். அவள் கத்தி முனையால் திருகைக் கழற்றி, என்னவோ செய்து, ஓட வைத்துவிட்டு, மறுபடி தட்டு கழுவ வந்துவிடுகிறாள்.

மாடி அறையை ஒருமுறையாவது பார்த்திருக்கிறாயா என்று பார்வதம் ஒருநாள் கேட்டாள்.

“அங்க பழைய பெஞ்சு போட்டு வச்சிகீறாங்கன்னு சொன்னாங்கக்கா,” என்றாள் தமிழ்ச்செல்வி.

அந்த அறுபது பேரில் இவளையும் சேர்த்துத்தான் பார்வதம் கையெழுத்துப் போட்டிருந்தாள். கையிலிருந்த தட்டை அப்படியே தொட்டியில் போட்டாள். தண்ணீர் தெறித்து இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.