வாரின் மேல் வைக்காத விரல்

நான் தொடவில்லை. தொட்டேன் என்று சொன்னேன். அந்த ஒரு பொய்யால் ஒரு மனிதர் தம் கையின் மேலேயே நம்பிக்கை இழந்தார்.

நடந்த ஆண்டு, மாதம், கிழமை எதையும் விடாமல் உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பழக்கம் என்னை விடாது. யுத்தம் தொடங்கிய வருஷம். ஐப்பசி மாதம். வெள்ளிக்கிழமை. திருச்சியில் ஒரு சினிமாக் கொட்டகை. நானும் காதர் பாயும் அங்கே இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டோம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துபோவேன். அவர் வீடு கோட்டைப் பக்கம்.

கொட்டகையின் பின்சுவரில் ஆளுயர விசிறி ஒன்று இருந்தது. பீடிப் புகையையும் புழுக்கத்தையும் வெளியே இழுத்துத் தள்ளும். மோட்டாரின் கப்பியிலிருந்து விசிறியின் கப்பிக்கு ஒரு நீண்ட தோல் வார் ஓடும். இரண்டு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சற்றுக் கோணினாலும் வார் ஓரம் தேய்ந்து நழுவும். நூல் பிடித்துத்தான் சரிபார்ப்போம். ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில்.

எப்பேர்ப்பட்ட கை அது! கடப்பாரை நுனியால் அத்தனை கனமான மோட்டாரை மயிரிழை நகர்த்துவார். நூல் போய்க் கப்பியின் விளிம்பில் பட்டும் படாமலும் நிற்கும். அடக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. "என் விசிறி சத்தம் கேட்டதுன்னு தரை டிக்கெட்காரன் ஒருத்தன் சொல்லட்டும், மீசையை எடுத்துடறேன்!" என்பார். எடுக்க நேர்ந்ததே இல்லை!

நூல் பிடித்த பிறகு இன்னொரு வேலை உண்டு. வாரின் நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் வழுக்கிக் கிறீச்சிடும். அளவுக்கு மீறி இறுகினால் சத்தமே வராது. ஆனால் விசிறியின் அச்சைத் தாங்கும் பேரிங் சூடேறி வெந்துவிடும். அந்த அளவை விரல்தான் சொல்லும்.

நான் அழுத்தமாட்டேன். அது மாட்டுத்தோல்.

சிரிக்காதீர்கள்... அல்லது சிரியுங்கள். வாசகசாலையில் தீண்டாமையை எதிர்த்து முழங்கியவன் நான்! காலில் தோல் செருப்பு. கைக்கு மட்டும் ஆசாரம்! காதர் பாய் இதை யாரிடமும் சொன்னதில்லை. "சாமி, ஸ்பானரைப் பிடிங்க, மாட்டை நான் பாத்துக்கறேன்" என்று கண்ணடிப்பார். அவ்வளவுதான்.

அன்று புதுப் படம். அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். மழை ஈரத்தில் வார் நீண்டு, கிறீச்சென்று கத்தத் தொடங்கியது. மானேஜர் ஓடி வந்தார்.

"என்னய்யா இது, பன்னி கத்தற மாதிரி? கேட்டைத் திறக்கணும்!"

மோட்டாரைப் பின்னுக்கு இழுக்கும் திருகை முடுக்கினேன். சத்தம் அடங்கும்வரை முடுக்கினேன்...

பாய் திரும்பியபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் வாரில் விரல் வைக்க முடியாது.

"சாமி, அழுத்திப் பாத்தீங்களா?"

மானேஜர் பக்கத்தில் நின்றார்.

"பாத்தேன் பாய். சரியா இருக்கு."

"யாரு விரலால?"

"என் விரலாலதான்."

அந்த முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவேன்! "அடடா! மாட்டைத் தொட்டுட்டாருய்யா நம்ம சாமி!" என் முதுகில் ஓங்கித் தட்டினார். டீக்கடை வரை செய்தி போயிற்று. விசிறியை நிறுத்திப் பார்ப்போம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பாராட்டு இனித்தது. செய்யாத காரியத்துக்கு ஏன் அப்படி இனித்தது?

அடுத்த காட்சியில் பேரிங் வெந்து புகைந்தது; வாரும் கருகி அறுந்தது. "தீ! தீ!" என்று ஜனம் வாசலுக்குப் பாய்ந்ததில் பெரியவர் ஒருவருக்குக் கை முறிந்தது.

முதலாளி காரணம் கேட்டார். பேரிங்குக்கு எண்ணெய் விடுவது பாயின் பொறுப்பு. அவர் என்னைக் கைகாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ யோசித்து யோசித்துப் பேசினார்.

"வார் இறுக்கமில்லீங்க. சாமியே அழுத்திப் பாத்திருக்காரு. அப்ப எண்ணெய்தான்... நான் விட்டதாத்தான் நெனப்பு. ஆனா விட்டிருந்தா இப்படி ஆகாதே!"

என் சொல்லை நம்பி, தமக்குத் தாமே தீர்ப்பெழுதிக்கொண்டார்! நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

தை மாதம் லால்குடியில் ஓர் அரிசி ஆலையில் அவரைக் கண்டுபிடித்தேன். சொல்லிவிடுவதென்றே போனேன். உமித்தூசியை இழுக்கும் விசிறியருகே நின்றிருந்தார். எண்ணெய் விட்டார். நாலடி நடந்தார். திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்தார். மறுபடி நடந்தார். மறுபடி திரும்பினார்... மயிரிழை பிசகாத அந்தக் கையா இது!

என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஆலைக்காரர்களிடம் இழுத்துப் போனார்.

"நான் சொல்வேன்ல, இவருதான்யா! எனக்காக மாட்டுத்தோலைத் தொட்ட சாமி!"

எனக்காக! எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன்... ஆம், சிரித்துவிட்டு ரயிலேறினேன்.

இப்போதெல்லாம் வாரை அழுத்தித்தான் பார்க்கிறேன். இறுக்கத்தையும் தளர்வையும் விரல் உடனே சொல்லிவிடுகிறது. இவ்வளவுதானா? இதற்காகவா?... அங்கே ஒரு கை இன்னும் எண்ணெய் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.