தீவனப் பெட்டியின் கால்கள்

இல்லாமல் போன ஒன்றை அச்சு அசலாகச் செய்து பொருத்தினால், அது திரும்பி வந்ததாக ஆகுமா? லொவீனா பேச்சல்டரின் பிழைப்பே இந்தக் கேள்வியின் மேல்தான் நின்றது.

எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் பண்ணை வீடுகளுக்குக் கூரை தாழ்வு. அந்தக் காலத்தில் ஆளுயரத்தையும் தாண்டிய கடிகாரத்தை ஆசையாக வாங்கி வந்து, வீட்டுக்குள் நிறுத்த முடியாமல், அதன் கால்களை ரம்பத்தால் அறுத்துவிடுவார்கள். அப்படி நொண்டியான கடிகாரங்களுக்கு முப்பது வருடமாகப் புதுக் கால் செய்து கொடுத்தவள் லொவீனா. நல்ல வேலைதான். ஆனாலும் ஒரே ஒரு கடிகாரமாவது தன் சொந்தக் காலில் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பாள். அறுத்த கால் அடுப்புக்குத்தான் போயிருக்கும் என்று நாங்கள் சிரிப்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருட வசந்தத்தில், ஹோரஸ் பிக்ஃபோர்டின் கால் அறுந்த செர்ரி மரக் கடிகாரம் அவள் பட்டறைக்கு வந்தது. நிறம் பொருந்தப் பழைய பலகை தேடி, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அவன் கொட்டகைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மூலையில் கோழித் தீவனப் பெட்டி. அதன் அடியில், வெளிப்பக்கம் மெல்ல வளைந்த நான்கு கால்கள். லொவீனா தேவாலயத்துக்குப் போட்ட நல்ல கோட்டோடு அப்படியே தரையில் படுத்துவிட்டாள்.

"ஹோரஸ், இந்தப் பெட்டியக் கவுத்து."

"உள்ள தீவனம் இருக்கு லொவீனா."

"கொட்டு."

"நூத்தம்பது வருஷமா என் கடிகாரம் கோழி மேய்ச்சிருக்கா?" என்றான் ஹோரஸ். ஆனால் அவனே பெட்டியைக் கவிழ்த்து, கால்களைக் கழற்றிக் கொடுத்தான்.

கால்களை மடியில் வைத்துக்கொண்டே பட்டறை வரை வந்தாள். அறுத்தவனுக்கு மூன்றாவது காலில் ரம்பம் நழுவியிருந்தது. வெட்டு வாயில் படிக்கட்டு போல நெல்லளவு படி. கடிகாரத்தின் அடியிலும் அதே இடத்தில் அதே படி. பசை தடவாமல் ஒவ்வொன்றாக வைத்தாள். மரத்தின் ரேகை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குள் ஓடிக் கலந்தது. நான்கும் சேர்ந்தன. கடிகாரம் ஒரு சாண் உயர்ந்து நின்றபோது லொவீனா வாய்விட்டுச் சிரித்தாள்; முப்பது வருடத்தில் நான் கேட்டிராத சிரிப்பு. சாயங்காலத்துக்குள் பாதி ஊர் வந்து பார்த்துவிட்டது.

"கூரைய வேணா ஓட்ட போட்டுக்கறேன். காலோடயே குடுத்துடு" என்றான் ஹோரஸ்.

மறுநாள் காலை மரம் ஒட்டும் வச்சிரப் பசை அடுப்பில் சூடாகிக்கொண்டிருந்தது. லொவீனா கடிகாரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். பிறகு பசைச் சட்டியை இறக்கி வைத்தாள். நான்கு கால்களையும் கழற்றி, கம்பளித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, கடிகாரத்தின் வயிற்றுக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

ஹோரஸ் வண்டியில் ஏற்றும்போது ஏன் என்று கேட்டான். "ஒட்டிட்டா இதுவும் நான் செஞ்ச கால் மாதிரிதான் ஆயிடும்" என்றாள். ஞாயிறு தவறாமல் கதவைத் திறந்து சாவி கொடுக்கச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.